எதிர்மலையில் பாடிய குழாய்

1954 மார்ச் 15. ஒரு குழாய், ஆம்பிளிஃபயர், இசைத்தட்டுப் பெட்டி, பெட்டரி: ரூ. 640.
1956 பெப்ரவரி 3. இரண்டாவது செட், தவணைக்கு: ரூ. 900. முன்பணம்: ரூ. 200.
1957 ஏப்ரல் 27. திருவிழா வாடகை: கிடைக்கவில்லை.
1957 ஆகஸ்ட் 10. முதல் செட் விற்றது: ரூ. 210.
1961 ஜூன் 19. நோர்வூட்டில் மேசை வாடகை, மாதம்: ரூ. 12.
1962 மே 18. இரண்டு பெட்டரிக்குச் சார்ஜ்: ரூ. 1.50.

இவை செல்லசாமியின் கணக்குகள். அவர் எதையும் எழுதி வைக்கிற ஆள் இல்லை. நோர்வூட்டுக்கு மேலே சின்னப்பாறைத் தோட்டத்து ஆபீசில் நான் கிளாக்கராக இருந்தேன். அவருடைய தவணைக் கடிதங்களும் ரசீதுகளும் என் கையால்தான் போயின, வந்தன. ஆகவே தேதிகளுக்கு நான் பொறுப்பு. மற்றவை அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து சொன்னவை. சில இடங்களில் நானும் நின்றிருந்தேன்.

1954இல் அவருக்கு முப்பத்திரண்டு வயது. இரண்டு கறவை மாடுகளை விற்று, எடுத்த சீட்டுப் பணத்தையும் சேர்த்துக்கொண்டு கொழும்புக்குப் போனார். திரும்பி வரும்போது ஹட்டன் ஸ்டேஷனில் ஒலிபெருக்கியின் பெரிய தகரக் குழாயைக் கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு இறங்கினார். அடுத்த வாரமே ஆபீசுக்கு வந்து, தோட்டத்து வேலையாட்களின் பதிவேடான செக்ரோலில் இருந்து தன் பெயரை வெட்டச் சொன்னார்.

"யோசிச்சுத்தான் சொல்றியா?" என்று கேட்டேன்.

"இனிமே கவ்வாத்துக் கத்தியைப் புடிச்சுத் தேயிலைச் செடிய வெட்ட மாட்டேன் கிளாக்கர் ஐயா. என் கையில பாட்டு இருக்கு."

அவர் மனைவி பேச்சியம்மா கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்தவில்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அவர்கள் இருந்த காம்பரா, அந்த ஒற்றை அறை, மிஞ்சியது அதனால்தான்.

முதல் இரண்டு வருடம் தொழில் நன்றாக நடந்தது. சவுக்கு மரத்தின் உச்சியில் குழாயைக் கட்டி, அது பாடத் தொடங்கினால் மூன்று தோட்டங்களுக்குக் கேட்கும். மரத்தில் ஏறிக் கட்டுவதற்கு பேச்சியம்மாவின் அண்ணன் மூக்கன் கூடப் போவார். கல்யாணம், சடங்கு, கோயில், எதுவானாலும் "குழாய்க்காரரைக் கூப்பிடு" என்றார்கள். செல்லசாமி என்ற பெயரையே பலர் மறந்துவிட்டார்கள். அவருக்கு அதில் இருந்த சந்தோஷம் வாடகையில்கூட இருந்ததில்லை.

எங்கள் தோட்டம் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு பிரிவு. இரண்டுக்கும் தனித்தனி மாரியம்மன் கோயில். திருவிழா மட்டும் ஒரே நாளில். மேற்கணக்கு அம்மன் இறங்கி வரும். நடுவில் ஓடையின் மேலுள்ள சின்னப் பாலத்தில் கீழ்க்கணக்குக்காரர்கள் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி வரவேற்பார்கள். இரண்டு கணக்குக்கும் சேர்த்துத் தப்புக்காரர்கள் ஒரே குழுதான். அம்மன் பாலத்துக்கு வந்ததும் அவர்கள் அடிப்பதை நிறுத்துவார்கள். பூசாரி மந்திரம் சொல்லி முடித்ததும் மறுபடி அடிப்பார்கள். ஒரே குழு என்பதால் யார் முதலில் நிறுத்துவது என்ற கேள்வி அதுவரை வந்ததே இல்லை.

அந்தக் கேள்வியைக் கொண்டுவந்தவர் செல்லசாமி.

1955இல் குழாய் மேற்கணக்கில் பாடியது. அடுத்த வருடம் கீழ்க்கணக்கு கோயில் கமிட்டி வந்து நின்றது. "அவனுகளுக்கு மட்டுந்தான் காது இருக்கா?" என்று கேட்டார்கள். செல்லசாமி தவணைக்கு இரண்டாவது செட்டை எடுத்தார். அது வந்த சேதி கேட்டு மேற்கணக்குத் தலைவர் பழனியாண்டி வந்தார்.

"அங்க புதுசு, இங்க பழசா? எங்க சாமி என்ன எளப்பமா?"

"பழசுதான் தலைவரே கணீர்னு கேக்கும். ஒங்க சத்தம் நோர்வூட் கடத்தெரு வரைக்கும் போகும்."

கீழ்க்கணக்கில் போய், "புதுசுதான் தூக்கலா இருக்கும், ஒங்க சத்தம் மேல லயம் வரைக்கும் ஏறும்" என்றார். இரண்டு பக்கமும் வாடகையைக் கூட்டிக் கொடுத்தார்கள். அவர் பிழைப்பே அந்தப் பொறாமையில்தான் ஓடியது. அதை அவர் தன் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தார்.

1957 திருவிழாவில் மேல் செட்டில் அவர் உட்கார்ந்தார். கீழ் செட்டில் மூக்கன். பாலத்துக்கு அம்மன் வரும்போது இரண்டு பேரும் நிறுத்திவிட வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். அம்மன் வந்தது. செல்லசாமி இசைத்தட்டிலிருந்து ஊசியைத் தூக்கக் கையை நீட்டினார். பழனியாண்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மொதல்ல அவனுக நிறுத்தட்டும்."

கீழே மூக்கனைச் சுற்றி நின்றவர்களும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு குழாயும் வேறு வேறு பாட்டை அலறின. பூசாரியின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. காத்திருந்து காத்திருந்து தட்டில் சூடம் அணைந்துபோயிற்று. அம்மனுக்கு முன்னால் சூடம் அணைந்ததைப் பார்த்து ஒருவன் கல்லை எடுத்து மரத்தில் இருந்த மேற்கணக்குக் குழாயை அடித்தான். அதன் விளிம்பு உள்ளே நெளிந்தது. அதற்குப் பிறகு கற்கள் குழாயைத் தேடிப் போகவில்லை. ஆறு பேருக்கு மண்டை உடைந்தது.

மறுநாள், காலையில் ஆட்களுக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் துரை உத்தரவு போட்டார்: தோட்டத்துக்குள் இனிக் குழாய் பாடக் கூடாது. கிளப்பில் மற்ற துரைமாரிடமும் சொன்னார் போலிருக்கிறது. ஒரு மாதத்துக்குள் பக்கத்தில் நாலு தோட்டங்களில் அதே உத்தரவு. இரண்டு கமிட்டிகளும் வாடகை தர மறுத்தன. அதில் மட்டும் அவர்கள் ஒற்றுமையாக இருந்தார்கள்.

தவணை நின்றதும் கொழும்பிலிருந்து ஆள் வந்து புது செட்டைத் தூக்கிக்கொண்டு போனான். நெளிந்த குழாயோடு இருந்த பழைய செட்டை மூக்கன் வாங்கினார்.

"ஒங்க பொருள் வெளி ஆள் கைக்குப் போகக் கூடாது மாப்ள. அதுக்காகத்தான் வாங்குறேன்."

"அவரு அடிச்சுப் புடுங்கியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். நல்லது செய்றவரு மாதிரிச் சொன்னாரு பாருங்க, அதுதான் எனக்கு இன்னும் செரிக்கல" என்று செல்லசாமி என்னிடம் சொன்னார்.

1958 ஜனவரியில் பெரட்டுக்களத்தில் வந்து நின்று, பெயரை மறுபடி பதியச் சொல்லிக் கேட்டார். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன குழாய்க்காரரே, பாட்டு முடிஞ்சிருச்சா?" என்றார். சனம் சிரித்தது. நான் பெயரை எழுதினேன். அவர் கவ்வாத்துக் கத்தியை வாங்கிக்கொண்டு மலைக்குப் போனார். குழாய்க்காரர் என்று அவரை யாராவது கூப்பிட்டது அதுதான் கடைசி.

மூக்கன் தோட்டத்தை விட்டு நோர்வூட்டுக்குக் குடிபோனார். தோட்டத்துக் கோயில்களை நம்பாமல் கடைத்தெருக் கல்யாணங்களைப் பிடித்தார். பழைய வேன் ஒன்று வாங்கி, சினிமாக் கொட்டகைக்கு விளம்பரம் செய்தார். 1960இல் இரண்டு தேர்தல் வந்தது; ஒரு கட்சிக்குக் காலையில், இன்னொரு கட்சிக்கு மாலையில் அதே குழாய் பேசியது. "குழாய்க்கார மூக்கன்" என்றால் டயகம வரைக்கும் தெரிந்தது.

உத்தரவு போடாத தோட்டம் ஒன்று எங்களுக்கு எதிர்மலையில் இருந்தது. அங்கே எந்த விசேஷமானாலும் மூக்கனின் குழாய்தான். விளிம்பு நெளிந்திருந்ததால் உச்ச ஸ்தாயியில் தகரத்தை நகத்தால் கீறுவது போல ஒரு கரகரப்பு வரும். ஆயிரம் குழாய் பாடினாலும் செல்லசாமிக்கு அது தெரியும். தேயிலைச் செடியின் நடுவில் கத்தியை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார். கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் பண்ணுவார்கள்.

"அண்ணே, இன்னைக்கு என்ன கோளாறு?"

"பெட்டரி எறங்குது. இன்னும் ரெண்டு பாட்டுல இழுக்கும் பாரு."

இரண்டாவது பாட்டில் பாடகியின் குரல் ஆண் குரலாகித் தேய்ந்து நிற்கும். அன்று முழுவதும் அவர் முகம் மலர்ந்திருக்கும். பாட்டு இழுக்காமல் ஒழுங்காகப் பாடிய நாளில் சாப்பாட்டில் உப்பில்லை என்பார்.

பேச்சியம்மா ஒருநாள் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுவிட்டாள்.

"எங்கண்ணன் பொழப்புல மண்ணு விழுந்தாத்தான் ஒங்களுக்குச் சோறு எறங்குமா?"

"அது ஒங்கண்ணன் பொழப்பு இல்லடி. எம் பொழப்பு."

"ஒங்க பொழப்புன்னா அது ஏன் ஒங்கள விட்டுட்டு அங்க போய்ப் பாடுது?"

செல்லசாமி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

1959இல் அவர்கள் மகள் அழகம்மா வயதுக்கு வந்த சடங்கு. தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். தகப்பன் வாசலில் நின்று வரவேற்க வேண்டும். இதில் யாரும் விலக முடியாது. மூக்கன் சீர்த்தட்டுகளை வேனில் ஏற்றி, வேனின் தலையில் அந்த நெளிந்த குழாயைக் கட்டி, தோட்டத்து எல்லை வரைக்கும் பாடிக்கொண்டே வந்தார். லயத்துப் பெண்கள் எல்லாம் வேலியோரம் போய் நின்றார்கள். எல்லையில் பாட்டை நிறுத்திவிட்டுத் தட்டுகளைத் தலையில் வைத்து நடந்து வந்தார்கள். மொத்தம் இருபத்தொரு தட்டு. செல்லசாமி சந்தனக் கிண்ணத்தோடு நின்றார்.

"வாங்க மச்சான்."

"என்ன மாப்ள, சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. கரகரங்குது."

"அது ஒங்க காலத்துல இருந்தே அப்படித்தானே" என்று சொல்லிவிட்டு மூக்கன் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். செல்லசாமி சந்தனத்தை அவர் கையில் கொஞ்சம் அழுத்தியே பூசினார்.

அந்த வருடக் கடைசியில் ஃபெக்டரி இஞ்சின் காம்பராவுக்கு ஓர் எடுபிடி ஆள் தேவைப்பட்டது. செல்லசாமியைப் போட்டார்கள். அங்கே துரையின் கார் பெட்டரியை டைனமோவில் பூட்டி ஏற்றுவது அவர் வேலைகளில் ஒன்று. எதிர்மலைக் குழாயின் கோளாறுகளை இரண்டு வருடமாகச் சொல்லி வந்தவருக்கு அங்கேதான் ஒரு விஷயம் உறைத்தது. பத்தில் எட்டுத் தடவை கோளாறு பெட்டரிதான். நோர்வூட்டில் சார்ஜ் போட இடமில்லை. குழாய் வைத்திருப்பவர்களும் ரேடியோ வைத்திருப்பவர்களும் பெட்டரியை பஸ்ஸில் ஏற்றி ஹட்டனுக்கு அனுப்பிவிட்டு இரண்டு நாள் காத்திருந்தார்கள்.

என்னிடம் வந்து சொன்னார். "ஒரு மேச போட்டா மூக்கன் மச்சான் என்கிட்டத்தான் வரணும். கைகட்டி நின்னு, எப்பக் கெடைக்கும்னு கேக்கணும்."

மனிதர்கள் மறுபடி எழுந்து நிற்பதற்கு மேலான காரணங்கள் பல சொல்லக் கேட்டிருக்கிறேன். இவருக்கு இதுதான் காரணம்.

நோர்வூட்டில் மஃறூப் நானாவுக்குச் சைக்கிள் கடை. கடைக்கு மின்சாரம் இருந்தது. பின்பக்கத்தில் ஒரு மேசைக்கு இடம் கேட்டார் செல்லசாமி. இந்த முறை செக்ரோலில் பெயரை வெட்டவில்லை. இஞ்சின் காம்பரா வேலை முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மட்டும் கடை.

"இது மூக்கனுக்கு எதிராப் போடுற கடையா, மூக்கனுக்காகப் போடுற கடையா?" என்று மஃறூப் நானா கேட்டார்.

"எதிராத்தான் நானா."

"எதிராப் போட்டா அவன் ஹட்டனுக்குப் போவான். உமக்குத்தான் நட்டம். சரி, எப்படியோ போடும். மாசம் பன்னெண்டு ரூவா எனக்கு எதிராப் போகாமப் பாத்துக்கொள்ளும்."

மூக்கன் ஹட்டனுக்குப் போகவில்லை. கடை திறந்த மறுநாளே இரண்டு பெட்டரிகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "நம்ம மாப்ள கடை இருக்கையில நான் ஏன் ஹட்டனுக்குப் போறேன்?" என்றார். கைகட்டி நிற்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். பேரம் பேசாமல் காசு கொடுத்தார். போகிற இடமெல்லாம் சொன்னார். பாதி வாடிக்கைக்காரர்கள், "மூக்கண்ணன் அனுப்பிச்சாரு" என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார்கள். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் செல்லசாமிக்கு எரியும். மேசையில் சில்லறை சேர்ந்தது; வயிற்றெரிச்சலும் சேர்ந்தது.

1962இல் பழைய துரை போய்ப் புதுத் துரை வந்தார். இரண்டு கணக்கும் ஒரே கமிட்டியாக வந்து கேட்டால் ஒரு குழாய்க்கு மட்டும் அனுமதி என்றார். ஐந்து வருடத்துக்குப் பிறகு தோட்டத்தில் குழாய் பாடப்போகிறது. கமிட்டி மூக்கனை அமர்த்தியது. செல்லசாமியின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டுதான் பழனியாண்டி அதைச் சொன்னார்.

பேச்சியம்மாவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "எங்கண்ணன் நம்ம தோட்டத்துக்கே வருதுங்க."

"வரட்டும்" என்றார்.

மே 18ஆம் தேதி வெள்ளிக்கிழமை மூக்கன் இரண்டு பெட்டரி கொடுத்தார். மறுநாள் திருவிழா; ஒன்று காலைக்கு, ஒன்று அம்மன் ஊர்வலத்துக்கு. செல்லசாமி காலைக்கானதைச் சார்ஜில் பூட்டினார். ஊர்வலத்துக்கானதில் பாலம் வரைக்கும் பாடவே மிச்சம் இருந்தது; அதை அப்படியே மேசைக்குக் கீழே தள்ளிவிட்டார். காலையில் இரண்டையும் துடைத்து, முனைகளில் கிரீஸ் தடவி, ஒன்றுபோலக் கொடுத்து அனுப்பினார்.

அதோடு நிற்கவில்லை. தன்னுடைய சொந்த பெட்டரி ஒன்றை முழுக்க ஏற்றி, சாக்கில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு, குறுக்குப் பாதையில் மேட்டை ஏறிப் பாலத்துக்கு வந்தார். அம்மன் பாலத்தில் நிற்கும்போது குழாய் சாகும். சனம் மூக்கனைத் திட்டும். யாராவது, "பழைய குழாய்க்காரரைக் கூப்பிடு" என்பார்கள். அவர் சாக்கோடு நடந்து வருவார். இதை அவர் ஒரு வாரமாக மனத்துக்குள் நடத்திப் பார்த்திருந்தார்.

நான் பாலத்தின் இந்தப் பக்கம் நின்றேன். அம்மன் வந்தது. பாட்டு இழுத்தது, முனகியது, நின்றது. அவர் கணக்கு அவ்வளவு துல்லியம்.

பிறகு தப்புக்காரர்கள் அடிக்கத் தொடங்கினார்கள். காலையிலிருந்து அவர்கள் அடித்ததை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. பெண்கள் குலவையிட்டார்கள். கீழ்க்கணக்குக்காரர்கள் தட்டோடு பாலத்தில் ஏறினார்கள். தப்பு நின்றது. பூசாரியின் மந்திரம் வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. தேங்காய் உடைந்த சத்தமும் கேட்டது. எனக்குப் பக்கத்தில் ராக்காயி என்ற கிழவி, "அப்பாடா, இப்பத்தான் சாமி வந்த மாதிரி இருக்கு" என்றாள்.

குழாயை யாரும் தேடவில்லை. மூக்கனை யாரும் திட்டவில்லை. குழாய்க்காரரை யாரும் கூப்பிடவில்லை. செல்லசாமி தேயிலைச் செடிகளுக்கு நடுவில் தோள் வலிக்க நின்றுகொண்டிருந்தார்.

மரத்தடியில் வயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மூக்கன்தான் அவரைக் கண்டார்.

"மாப்ள, சாக்குல என்ன?"

"பெட்டரி."

"ஏத்துனதா?"

"ஏத்துனதுதான்."

மூக்கன் அவர் முகத்தையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாக்கை வாங்கிக்கொண்டு போய்ப் பூட்டினார். ஊர்வலம் போய் முடிந்த பாதையில் குழாய் மறுபடி பாடியது. பேச்சியம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

"சாமி கும்பிட வர்றவரு பெட்டரியத் தூக்கிக்கிட்டு வருவாரா? கழுத்து நரம்பு புடைச்சுக்கிச்சு. வாங்க, தைலம் தேய்க்கிறேன்" என்றாள். அவள் அதைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மூக்கன் வழக்கம்போல இரண்டு பெட்டரிகளோடு மேசைக்கு வந்தார். அன்று நான் அங்கே இருந்தேன்.

"இந்தத் தடவ ரெண்டுலயும் ஏத்துங்க மாப்ள."

செல்லசாமி குனிந்தபடி எழுபத்தைந்து சதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "போன தடவ ஒண்ணுக்குக் காசு வேணாம்."

மூக்கன் காசைத் திருப்பித் தள்ளினார். "இருக்கட்டும். சாக்குல தூக்கியாந்த கூலி."

மஃறூப் நானா சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார். செல்லசாமிதான் முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பை அதற்கு முன் நான் கேட்டு ஐந்து வருடம் இருக்கும்.

அதற்குப் பிறகு அவர் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். மூக்கன் வேனுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தபோது, கண்ணைக் குத்துகிற நிறம் என்றார். ஆனால் மேசையில் வேலை சுத்தமாக நடந்தது. "பெட்டரி ஏறிருச்சு" என்று செல்லசாமி சொன்னால் ஏறியிருக்கும். ரேடியோ ரிப்பேர் பழகினார். 1963இல் இரண்டாவது மேசை போட்டார். அந்த வருடக் கடைசியில்தான் செக்ரோலில் தன் பெயரை வெட்டச் சொன்னார். "யோசிச்சுத்தான் சொல்றியா?" என்று மறுபடி கேட்டேன். "மொதத் தடவதான் யோசிக்கல" என்றார். எதிர்மலையில் குழாய் பாடும்போது காது கொடுப்பதை மட்டும் விடவில்லை. இழுக்காமல் பாடினால், "நான் ஏத்துனது" என்பார்.

1964 டிசம்பரில் மூக்கன், இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்து, குடும்பத்தோடு பூர்வீக ஊரைத் தேடி இந்தியாவுக்குப் புறப்பட்டார். வேனையும் குழாயையும் டயகமக்காரர் ஒருவருக்கு விற்றார். அது செல்லசாமிக்குப் பெரிய குறை. "ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கலாம்ல?" என்று என்னிடம் வந்து நின்றார். மூக்கனிடமும் கேட்டிருக்கிறார். "ஒங்களுக்கு எதுக்கு மாப்ள குழாய்? குழாய் வச்சிருக்கவனெல்லாம் ஒங்க மேசைக்குத்தானே வர்றான்" என்று பதில் வந்தது. ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது பேச்சியம்மா அழுதாள். செல்லசாமி, வேன் நல்ல விலைக்குப் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முசிறிப் பக்கத்திலிருந்து மூக்கன் மூன்று கடிதங்கள் எழுதினார். இரண்டு, சுகம் விசாரித்தவை. மூன்றாவதை நான்தான் வாசித்தேன். புதுக் குழாய் ஒன்று வாங்கியிருக்கிறாராம். அங்கே தெருவுக்கு ஒருவன் குழாய் வைத்திருக்கிறானாம், வாடகை படியவில்லையாம். 'இங்கே பெட்டரி சார்ஜ் போடுகிறவன் இரண்டு கொடுத்தால் ஒன்றைத்தான் ஏற்றுகிறான். உங்கள் ஞாபகம் வருகிறது மாப்பிள்ளை. ஆனால் இவன் சாக்கில் தூக்கிக்கொண்டு வருவதில்லை.'

அந்த இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார் செல்லசாமி. வாசித்தேன். கடித உறையை வாங்கி முகவரியைப் பார்த்தார். அதையும் வாசிக்கச் சொன்னார்: 'குழாய்க்காரர் செல்லசாமி அவர்கள், மஃறூப் நானா சைக்கிள் கடை, நோர்வூட்.'

பிறகு கேட்டார்.

"புதுக் குழாயின்னாரே, எத்தன வாட்டுன்னு எழுதலையா?"

"எழுதல."

"பெருசா இருக்காது" என்றார். சட்டைப் பையில் உறையை மடிக்காமல் வைத்துக்கொண்டார்.

அன்றே பதில் எழுதினோம். பொங்கலுக்கு ஒன்று எழுதினோம். பதில் வரவில்லை. மூக்கனின் கடைசிக் கடிதம் நோர்வூட்டுக்கு வந்து சேர்ந்தது 1965 நவம்பர் 11, வியாழக்கிழமை.